ஆற்றுக்கல் அடுப்பு

அக்டோபர் 5, ஞாயிறு

காலையிலிருந்து மப்பு. மழை இல்லை. மலை முழுக்க மேகம். போடிமெட்டு ரோட்டில் ஒரு வளைவுகூடத் தெரியவில்லை.

கொல்லையில் முருங்கை மரம் போயிற்று. வெட்டியது அண்ணன். ஆள் கூப்பிட்டால் அரைமணிச் சோலி. தானே வெட்ட வேண்டுமாம். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, அரிவாளோடு. பூவும் பிஞ்சுமாக நின்ற மரம். விழுந்த பிறகும் நாலு வெட்டு வெட்டினான். எதற்கு என்று கேட்டேன். "போய்ப் பரீட்சைக்குப் படி வசந்தி."

பிறகு துணி துவைக்கிற கல். சம்மட்டியால் ஒன்பது அடி. பத்தாவதில் இரண்டாகப் பிளந்தது. நானும் மதினியும் ஜன்னலில். ஒவ்வோர் அடிக்கும் மதினியின் தோள் தூக்கிப் போட்டது. அண்ணனுக்கு வாக்கப்பட்டு நாலு வருடம். பழகியிருக்க வேண்டும். பழகவில்லை.

திட்டம். அண்ணன் போனில் வைத்திருப்பது. மூணாறு பக்கம் ஏதோ ரிசார்ட்டில் பார்த்தானாம்.

- நடுவில் கல் அடுப்பு, மேலே கம்பி வலை, கறி சுட
- கிரானைட் மேடை, சிங்க்
- பெஞ்சு, பன்னிரண்டு பேருக்கு
- மஞ்சள் விளக்குச் சரம்
- பின்சுவர் இப்போது இடுப்பளவு. எட்டடிக்கு உயர்த்த

தீபாவளி மதியம் ஏலக்காய் வியாபாரிகளுக்கு இங்கே விருந்து. கேரளா பக்கமிருந்தும் ஆள் வருகிறது. இன்னும் பதினைந்து நாள்.

துணி எங்கே துவைப்பது? அம்மா: "மெசினு வாங்கித் தர்றேன்னுருக்கான்ல." எங்கே காயப்போடுவது?

பட்டியலின் கடைசி வரிதான் மண்டைக்குள் ஓடுகிறது. எட்டடி.

அக். 6, திங்கள்

அந்தச் சுவர் என்ன என்பதை எழுதி வைத்துவிடுகிறேன்.

பின்வீடு சரசு அக்கா. கொல்லைத் தாழ்வாரத்தில் தையல் மிஷின் போட்டிருக்கிறாள். இரண்டு கொல்லைக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர். அதன் மேல் வழியாக மதினி வாங்கியவை: உறைமோர், கறிவேப்பிலை, பாப்பாவுக்குச் சட்டை, தலைவலி மாத்திரை. கொடுத்தவை: முருங்கைக்காய். அப்புறம் ஆடி மாதத்தில் ஒரு நாள், மூன்று வயது மகளை.

அன்று அண்ணன் பெல்ட்டை உருவியிருந்தான். மதினி கொல்லைக்கு ஓடினாள். பாப்பாவைத் தூக்கிச் சுவருக்கு மேலே நீட்டினாள். சரசு அக்கா வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கையில் கத்தரிக்கோலோடு: "டேய் செல்வம், இன்னொரு அடி விழுந்துச்சுன்னா தெருவையே கூட்டிப்புருவேன்டா."

அவன் கை இறங்கியது. அம்மா சொல்லி இறங்காத கை. நான் குறுக்கே விழுந்தும் இறங்காத கை.

அதற்குத்தான் எட்டடி. கேட்டால் 'பிரைவசி' என்கிறான்.

அம்மாவிடம் சண்டை. "அடுத்த வீட்டுக்காரி நம்ம வீட்டுக்குள்ள எட்டிப் பாக்குறது ஒனக்கு நல்லாருக்காடி? குடும்பம்னா நாலு இருக்கும்." நாலு இல்லை. நான் பார்த்தது மட்டும் இந்த வருடம் பதினொன்று.

படிப்பு: பூஜ்யம்.

அக். 8, புதன்

மாலை ஐந்தரை. தூறல். அண்ணனின் ஏலக்காய் எஸ்டேட் ஜீப்பு பக்கத்துச் சந்தில் வந்து நின்றது. உள்ளே ஏலக்காய் எடுக்கிற பெண்கள் எட்டுப் பேர். கால் வைக்க இடமில்லாமல் கல். விடியுமுன் மலை ஏறியவர்கள். இறங்கியதும் வீட்டில் விடாமல், கொட்டகுடி ஆற்றில் நிறுத்திக் கல் பொறுக்க விட்டிருக்கிறான் அண்ணன். வழுவழுவென்று உருண்டைக் கல், தேங்காய் அளவு, சில தலை அளவு. ரிசார்ட்டில் இதே கல்தானாம். இறக்கியதும் அவர்களே. கூலி கிடையாது. "அஞ்சு நிமிசச் சோலி." ஒன்றரை மணி நேரம்.

டீ கொடுத்தேன். பேப்பர் கப்பில். அம்மா புதிதாக ஒரு கட்டு வாங்கி வைத்திருக்கிறாள். கொத்தனாருக்கு, சித்தாளுக்கு, எஸ்டேட் ஆட்களுக்கு. "கழுவுற வேல மிச்சம்." எங்கள் ஐந்து பேர் டம்ளரையும் தினம் கழுவுகிறோம், அந்த வேலை ஏன் மிச்சமாகவில்லை என்று கேட்டேன். அம்மா இன்னும் நாலு கப்பை உருவி நீட்டினாள். எல்லா வீட்டிலும் இப்போது இந்தக் கப்புதான். கொட்டாங்கச்சிக்குப் பதில் வந்த நாகரிகம்.

ஜீப்பில் வந்த பேச்சியம்மா கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு:

"எதுக்குத் தாயி இம்புட்டுக் கல்லு?"

"அடுப்புக் கட்ட."

"அடுப்புக்கா?" பக்கத்திலிருந்தவளை முழங்கையால் இடித்தார். "ஏ மாரி, கேட்டியாடி? மொதலாளி ஆத்துக் கல்லுல அடுப்புப் போடுறாராம்."

"தீவாளிக்கு வெடி வாங்குற செலவு மிச்சம்." எட்டுப் பேரும் சிரித்தார்கள். களைத்துப்போன முகங்களில் அப்படி ஒரு சிரிப்பு.

எனக்குப் புரியவில்லை. பேச்சியம்மா சொன்னார்: "மேல டீ போட மூணு கல்லு கூட்டுவோம்ல, அதுக்கு ஓடைக் கல்ல எடுக்க மாட்டோம். மேட்டுல காஞ்சு கெடக்குற கல்லத்தான் தேடுவோம். ஓடைக் கல்லு தண்ணி குடிச்சுக் கெடக்கு. சூடு ஏறுச்சுன்னா வெடிக்கும். எங்க நாத்தனா காலப் பாத்தியன்னா இம்புட்டுப் பள்ளம்."

"அண்ணன்ட்டச் சொல்லுங்க."

"நல்லாச் சொன்ன போ. மருந்தடிக்கயில மூஞ்சிக்குக் கட்டத் துணி கேட்டதுக்கே ரெண்டு நாள் ஜீப்புல ஏத்தல."

ஜீப்பு கிளம்பி, சந்து முனை திரும்பும் வரை சிரிப்புச் சத்தம்.

அக். 11, சனி

இன்று எழுத்து கோணல்.

கொத்தனார் காளிமுத்து. சிலமலைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். சுவர் மூன்று நாளாக ஏறுகிறது. இன்று காலை அடுப்புக்கு வந்தார். கற்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்.

"மொதலாளி, இது சுவத்துக்கு ஆகும். நெருப்புக்கு ஆகாது. சூளைச் செங்கல் கொண்டாங்க. அம்சமாக் கட்டித் தர்றேன்."

"ரிசார்ட்டுல கட்டிருக்கான். அவன் மடையனா?"

"அது மேலுக்கு ஒட்டிருப்பான். உள்ளுக்குள்ள செங்கலுதான் இருக்கும்."

"நீரு எந்தக் காலேசுல படிச்சீரு?"

காளிமுத்து சிரித்தார். அப்போது மதினி டீயோடு வந்தாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"அவரு சொல்றது நெசந்தாங்க. ராசிங்காபுரத்துல எங்க சித்தப்பாவுக்கு இப்பிடித்தான் கெணத்து மேட்டுல..."

அறை. தட்டு பறந்தது. கொதிக்கிற டீ அவள் முன்கையில். "வேலையாளு முன்னாடி எனக்குப் புத்தி சொல்றியா?" அடுத்தது முதுகில்.

காளிமுத்து கொத்துக்கரண்டியைக் கீழே வைத்து எழுந்தார். அண்ணன்: "உக்காரும்யா. ஒம்ம சோலியப் பாரும்." உட்கார்ந்தார்.

மிஷின் சத்தம் நின்றது. சரசு அக்கா எட்டிப் பார்த்தாள். சுவர் இப்போது ஆள் உயரம். ஸ்டூல் மேல் ஏறியிருக்க வேண்டும். நெற்றியும் கண்ணும் மட்டும் தெரிந்தன. "என்னடா சத்தம்?" அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "காளிமுத்து, சுவத்த வெரசா முடி."

மதினிக்கு முன்கை முழுக்கச் சிவப்பு. தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். அவள் அழவில்லை.

பிறகு காளிமுத்துவிடம் போய்ச் சண்டை போட்டேன். வேலையைப் போட்டுவிட்டுப் போங்கள் என்றேன். அவர்: "எங்க வழக்கம் இதுதான் தாயி. ஒருக்கா எடுத்துச் சொல்லுவேன். வீட்டுக்காரக ரெண்டாவது தடவையும் அதையே சொன்னாகன்னா கட்டிப்புருவேன். வீடு அவுகளுது. எங்கப்பாரும் அப்பிடித்தான்."

"தப்புன்னு தெரிஞ்சுமா?"

"நான் போனா இன்னொருத்தன் வந்து கட்டுவான். அவன் கோணலாவும் கட்டுவான்."

ஊர் முழுக்க இப்படித்தான் நடக்கிறது. தெரிந்தவர்கள் ஒருக்காச் சொல்கிறார்கள்.

அக். 13, திங்கள்

சுவர் முடிந்தது. எட்டடி. உச்சியில் பாட்டில் துண்டுகள், பச்சையும் பழுப்புமாக. குடித்துத் தீர்த்த பாட்டில்கள்தான்.

சரசு அக்கா பாப்பாவுக்குத் தீபாவளிச் சட்டை தைத்திருந்தாள். மஞ்சள். "ஈஸ்வரி, பிடிச்சுக்கோ" என்று மதினிக்கு அந்தப் பக்கமிருந்து தூக்கி எறிந்தாள். கண்ணாடியில் மாட்டிக்கொண்டது. மதினி துடைப்பத்தை நீட்டிப் பார்த்தாள். நான் குதித்துப் பார்த்தேன். எட்டவில்லை. இழுத்தால் கிழியும். அங்கேயே தொங்குகிறது.

அடுப்பும் கட்டியாயிற்று. இடுப்பு உயர வட்டம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அக். 15, புதன்

காலை பத்து மணி. சுவர் வந்த பிறகு முதல் தடவை.

காரணம்: தீபாவளிக்குத் தாய்வீடு போய் வரட்டுமா என்று மதினி கேட்டது. "விருந்து வச்சிருக்கேன், வீட்டுக்காரி ஊருக்குப் போறாளாம்." கொல்லையில் வைத்து. பெல்ட் இல்லை, தோட்டக் குழாய். மதினி சுவர்ப் பக்கம் ஓடினாள். பழக்கம். சுவரில் கை வைத்ததும் அப்படியே நின்றாள். ஏழு அடி, எட்டு அடி விழுந்தது. நான் கையைப் பிடித்தேன். என்னைத் தூக்கி எறிந்தான். கிரானைட் விளிம்பில் உதடு. ஒரு பல் ஆடுகிறது.

அந்தப் பக்கம் மிஷின் ஓடியது, நின்றது, ஓடியது. சரசு அக்கா கத்துவது ஏதோ தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல. தெருவைச் சுற்றி வாசலுக்கு வந்து கதவைத் தட்டினாள். அம்மா திறக்கவில்லை.

நான் போலீசுக்குப் போன் போட்டேன். அம்மா பிடுங்கி அரிசிப் பானைக்குள் வைத்தாள். என் கூடப் பிறந்தவன் இவன், என்னைப் பெற்றவள் இவள். இந்த வீட்டில்தான் நான் பொது அறிவு படிக்கிறேன். இந்தியக் குடிமக்களின் உரிமைகள், பக்கம் 112.

சாயங்காலம் மதினி முதுகுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். கேட்டாள்:

"அந்த அடுப்ப நாந்தான் பத்த வைக்கணுமா வசந்தி?"

"இல்ல. ஆம்பளைக சமைக்கிற அடுப்பாம். பொம்பள தொடக் கூடாதாம்."

"சரி."

அந்தச் 'சரி'க்குப் பிறகு அவள் கல்லைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. அண்ணே, அந்தக் கல் வெடிக்கும். நாலே வார்த்தை. இரண்டு தடவை எதிரில் வந்தான். சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று இந்த நோட்டில் எழுத முடியாது.

அக். 18, சனி

இரண்டு நாளாக விடாத மழை. அடுப்புக் கல்லெல்லாம் கறுத்து ஊறிக் கிடக்கிறது.

காளிமுத்து சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். "மொதலாளி, ஒரு மாசம் காயட்டும்." "நாளான்னைக்குத் தீவாளி, காளிமுத்து." "சரி மொதலாளி." போகும்போது என்னிடம் மெதுவாக, "அன்னைக்குப் பிள்ளைகள அந்தப் பக்கம் விட்டுறாதத்தா."

எட்டுப் பெண்கள், ஒரு கொத்தனார், ஒரு சித்தாள், மதினி, நான். எல்லோருக்கும் தெரியும். கட்டச் சொன்னவனுக்கு மட்டும் தெரியாது. அவனுக்கும் சொல்லியாயிற்று. அவன் கேட்டது யார் சொல்கிறார்கள் என்பதை மட்டும்தான்.

அக். 20, திங்கள், தீபாவளி

வரிசையாக எழுதுகிறேன்.

காலை எட்டு. கிடாய் வெட்டு, கொல்லையில். புதுத் தரையில் ரத்தம். அண்ணனே குழாயைப் பிடித்துக் கழுவினான். அதே குழாய்.

பன்னிரண்டரை. ஏழு பேர் வந்தார்கள், சிலர் குடும்பத்தோடு. கட்டப்பனைக்காரர் ஒருவர் அடுப்பைத் தட்டிப் பார்த்து மலையாளத்தில் மெச்சினார்: "அடிபொளி சாதனம் செல்வா." அண்ணனுக்கு வாயெல்லாம் பல். கொல்லையிலிருந்து சந்துக்குப் போகிற கதவை அடைத்து ஜீப்பை நிறுத்தியிருந்தான், யாரும் குடிப்பதைப் பார்த்துவிடக் கூடாதென்று. அடுப்பில் இரண்டு மூட்டைக் கரி. தெருவெல்லாம் வெடி.

ஒரு மணி. மதினி: "பொம்பளைகளும் பிள்ளைகளும் உள்ள வாங்க, எல போட்டாச்சு." கடைசியாக பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து கொல்லைக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள். பார்த்தேன். என்னையும் பார்த்தாள்.

ஜன்னல் வழியாகத் தெரிந்தது: அடுப்புக்குப் பக்கத்துப் பெஞ்சில், அப்பாவோடு பழகிய பெரியவர், சர்க்கரை வியாதிக்காரர், கையில் மோர். தாங்க முடியவில்லை. கதவைத் திறந்து போய், "பெரியப்பா, ஒங்களுக்குத் தனியா உப்பில்லாம வச்சிருக்கு" என்று கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். அண்ணனுக்கும் எனக்கும் நடுவே ஓர் அடிகூட இல்லை. அவன் முகத்தில் வியர்வை, சிரிப்பு. "என்ன வசந்தி, மணக்குதா?" "மணக்குதுண்ணே." உள்ளே வந்தேன். மதினி மறுபடியும் தாழ்ப்பாள் போட்டாள்.

ஒன்று இருபது. முதல் வெடி. சரவெடி என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சுவர் உச்சியைப் பார்த்தான். மஞ்சள் சட்டை தொங்குகிற இடத்தை. "அந்தத் தையக்காரி வீட்டுல இருந்துதான்டா எறியிறாக! ஏய், ஏறிக் குதிச்சு வந்தேன்னா பாரு!" கெட்ட வார்த்தை. எறிந்த வெடியைத் தேட, இடுக்கியால் கரியைக் கிளறிக் குனிந்தான்.

இரண்டாவது.

அதன் பிறகு எண்ண முடியவில்லை. கம்பி வலை எழும்பி மேடையில் விழுந்தது. மஞ்சள் பல்புகள் வரிசையாக உடைந்தன. கறித்துண்டும் நெருப்பும் கல்லும் ஒன்றாக. ஒருவர் கழுத்துப் பட்டைக்குள் கரி. அண்ணன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அடுப்பைச் சுற்றிச் சுற்றி ஓடினான். விரலிடுக்கில் ரத்தம். எல்லோரும் சந்துக் கதவுக்கு. ஜீப்பு. சுவருக்கு. எட்டடி, கண்ணாடி. மதினி கை வைத்து நின்ற அதே இடத்தில் அந்த ஆம்பளைகள் கை வைத்து நின்றார்கள்.

கடைசியாக இந்தக் கதவுக்கு. "ஈஸ்வரி! ஈஸ்வரி!" நாலு வருடத்தில் அவன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மதினியின் கை தாழ்ப்பாள் மேல் இருந்தது. திறக்கவில்லை. அம்மா ஓடி வந்து அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். நான் அம்மாவைத் தள்ளினேன். என் அம்மாவை. பிறகு, "மதினி, போதும்" என்றேன்.

திறந்தாள்.

யார் தாழ்ப்பாள் போட்டது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டால் நான் என்பேன்.

அக். 22, புதன்

தேனி. ஆஸ்பத்திரி வராந்தா. மழை.

அண்ணனுக்கு இடது கண் இல்லை. கன்னத்தில் பதினாலு தையல். மற்றவர்களுக்குத் தீக்காயம், உயிருக்கு ஒன்றுமில்லை.

அண்ணனின் கூட்டாளிகள் இரண்டு பேர் சிலமலைக்குக் கிளம்பத் தயாராக நிற்கிறார்கள். "குடிச்சுப்புட்டுக் கட்டிருக்கான் கொத்தன். கையை முறிச்சுப் போட்டாத்தான் புத்தி வரும்." அம்மா தலையாட்டுகிறாள். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடமும் அதையே சொல்லத் தொடங்கினாள்.

நான் குறுக்கே போனேன். இந்தக் கல் வேண்டாம் என்று கொத்தனார் சொன்னார். மதினியும் சொன்னாள், அதற்குத்தான் அவள் கையில் இந்த டீ பட்ட காயம். கூட்டாளிகள் இரண்டு பேர் பேரையும், அவர்கள் எங்கே கிளம்புகிறார்கள் என்பதையும் சொன்னேன். எழுதிக்கொண்டார். அவர்கள் டீ குடிக்கப் போவதாகச் சொல்லி நழுவினார்கள். அம்மா என்னை அறைந்தாள். வராந்தாவே பார்த்தது. பரவாயில்லை, இங்கே சுவர் இல்லை.

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வார்டுக்குள் படுத்திருந்தான். சாயங்காலம், கட்டுப் போட்ட முகத்தோடு:

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னவளுக்கு என்ன கெடச்சுச்சுன்னு பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்கு அழுகை வந்தது. அவன் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போனேன். அழுதுகொண்டே போய் அவனுக்கு இட்லி வாங்கி வந்தேன்.

அக். 27, திங்கள்

வெயில். மலை தெளிவாக, ஒவ்வொரு வளைவும்.

அண்ணன் நேற்று வீட்டுக்கு வந்தான். வந்ததும் முதல் பேச்சு: "செங்கல் வாங்கி மறுபடி கட்டணும். சிரிக்கிறானுக." இரண்டாவது பேச்சு, சோற்றில் மதினி குழம்பு ஊற்றும்போது: "அன்னைக்குக் கதவு ஏன் லேட்டாச்சு?" மெதுவான குரலில். பெல்ட் உருவுவதற்கு முந்தைய குரல் அது. மதினி இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

இன்று காலை காளிமுத்து வந்து நிற்கிறார். சம்மட்டி, கடப்பாரை. சொல்லி அனுப்பியது மதினியாம். என்னிடம்கூடச் சொல்லவில்லை. டீ கொண்டுவந்தாள். பேப்பர் கப்பு இல்லை. அண்ணனுடைய வெள்ளி விளிம்பு டம்ளர். காளிமுத்து அதையும் அவளையும் பார்த்தார். வாங்கிக் குடித்தார்.

"அந்தச் சுவத்த இடிங்க. பழைய ஒசரத்துக்கு."

அம்மா: "யாரக் கேட்டுடி?" உள்ளே கட்டில் சத்தம். "எவன்டா அவன், சுவத்துல கை வைக்கிறது?"

காளிமுத்து டம்ளரைக் கீழே வைத்தார். "தாயி, ஒருக்காச் சொல்றேன். புதுச் சுவரு. நல்லாக் கட்டினது. இடிச்சா வீணு."

சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். வீட்டுக்காரர்கள் இரண்டாவது தடவை சொல்வதற்குக் காத்திருக்கிற பார்வை.

அண்ணன் கதவருகே வந்துவிட்டான். ஒரு கையால் நிலையைப் பிடித்தபடி. மதினி திரும்பவில்லை.

"இடிங்க."

காளிமுத்து செருப்பைக் கழற்றாமல் கிரானைட் மேடை மேல் ஏறினார். முதல் அடிக்குக் கண்ணாடித் துண்டுகள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தெறித்தன. மஞ்சள் சட்டை விழுந்தது. மிஷின் சத்தம் நின்றது.